ஆற்று மணலில் ஒரு துறைமுகம்

முதலில் பார்த்தபோது அவரை மணப்பெண்ணின் அத்தை என்று நினைத்துவிட்டேன். தில்லை நகரில் ஒரு கல்யாண மண்டபம். வரவேற்பு தொடங்க இன்னும் நேரம் இருந்தது. மேடைக்கு இடப்பக்கச் சுவரில் ஒரு கதவு. அதை மறைத்து என் பந்தல் ஆட்கள் பூவால் ஒரு வளைவு கட்டி, முன்னால் ஐஸ்கிரீம் மேஜையைப் போட்டிருந்தார்கள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. கத்தரிப்பூ நிறப் பருத்திப் புடவையும் ரப்பர் செருப்புமாக ஒரு பெண்மணி நேராக என்னிடம் வந்தார்.

"இந்தக் கதவை ஏங்க அடைச்சீங்க?"

அது யாரும் புழங்காத கதவு என்றேன்.

"இன்னைக்கும் யாரும் புழங்கலன்னா ரொம்ப சந்தோஷம். ஆனா திறந்திருக்கணுங்க."

குரலை உயர்த்தவில்லை. கோபமும் இல்லை. ஆனால் நகரவும் இல்லை. பெண்வீட்டாரிடம் வம்பு எதற்கு என்று வளைவைப் பிரித்து எதிர்ச்சுவருக்கு மாற்றினோம். மேஜையைத் தூக்கியவர்களின் முணுமுணுப்பையும் நான்தான் கேட்டுக்கொண்டேன். பந்தி முடிந்தபிறகுதான் தெரிந்தது, அவர் பெண்வீடும் இல்லை, மாப்பிள்ளை வீடும் இல்லை. யாரோ ஒரு சிநேகிதிக்குத் துணையாக வந்தவர். சாப்பிட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டே வந்து, "நல்லா கட்டியிருக்கீங்கண்ணே" என்று என் அட்டையை வாங்கிக்கொண்டு போனார்.

மண்டபத்துக்குள் நுழைகிறவர்கள் மேடையைப் பார்ப்பார்கள். பசித்தவர்கள் பந்தி எந்தப் பக்கம் என்று பார்ப்பார்கள். அவர் வெளியேறும் வழியைப் பார்ப்பார். பழகப் பழக இது எனக்குப் புரிந்தது. சத்திரம் பேருந்து நிலையத்தில் காலிப் பேருந்தில் ஏறினாலும் பின்படிக்குப் பக்கத்து இருக்கையில்தான் உட்காருவார். ஓட்டலில் ஏசி அறைப் பக்கம் தலைவைக்கமாட்டார். என் மனைவி ஒருமுறை அவரை மலைக்கோட்டைக் கடைவீதியில் ஒரு ஜவுளிக்கடைக்கு அழைத்துப் போனாள். நாலாவது மாடி. இவர் படிக்கட்டுகள் எங்கெங்கே இருக்கின்றன என்று சுற்றிப் பார்த்துவிட்டு வருவதற்குள் என் மனைவி இரண்டு பேருக்கும் புடவை எடுத்து முடித்துவிட்டாள். "அவங்களோட கடைக்குப் போறதும் ஃபயர் சர்வீஸ்காரரோட போறதும் ஒண்ணுதான்" என்று வீட்டுக்கு வந்து சொன்னாள். ஆனால் அதற்குப் பிறகு அவளும் எந்தக் கடைக்குப் போனாலும் படிக்கட்டைத் தேட ஆரம்பித்துவிட்டாள்.

அவர் கட்டடக்கலை படித்தவர். ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதியில் ஒரு வீட்டின் மாடியில் அலுவலகம், அதிலேயே குடியிருப்பு. வைகுண்ட ஏகாதசியன்று வீட்டைப் பூட்டிக்கொண்டு மணப்பாறையில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய்விடுவார். மற்ற நாட்களில் சாயங்காலம் ஸ்ரீரங்கத்து வீதிகளைச் சுற்றுவார். ஊரை வளையம் வளையமாகப் போட்டு, வளையத்துக்கு வளையம் நாலு திசையிலும் வாசல் வைத்திருப்பதை எனக்கு விரலால் காற்றில் வரைந்து காட்டியிருக்கிறார். இதைப் போட்டவர்கள் கூட்டம் என்றால் என்னவென்று கண்ணால் கண்டவர்கள் என்பார். வீட்டுக்காரப் பெரியவருக்கு இதில் வருத்தம். "பெருமாளை சேவிக்க வரமாட்டா. வாசலை மட்டும் தினம் சேவிச்சுண்டிருக்கா" என்று என்னிடமே ஒருநாள் சொன்னார்.

ஏன் இப்படி என்று நான் கேட்டதில்லை. அவரே ஒருமுறை சொன்னார். அவர் அப்பா மாட்டுத் தரகர். ஒரு வாரம் மணப்பாறைச் சந்தையில் திடீரென்று மழை பிடித்துக்கொண்டதாம். மனிதர்களும் மாடுகளும் ஒரே கொட்டகைக்குள் ஒதுங்க, ஏதோ ஒரு மாடு மிரண்டு திரும்பப் பார்த்திருக்கிறது. திரும்ப இடமில்லை. "யாரும் சாகலண்ணே. அப்பாவுக்குக் கால்தான். அதுக்கப்புறம் அவரு சந்தைக்குள்ள போகல, வெளிய நின்னே யாவாரம் பேசுவாரு" என்றார். ஆனால் என் மனைவியிடம் அவர் சொன்ன கதை வேறு, ஏதோ சினிமாக் கொட்டகை. என் ஆட்களில் ஒருவரிடம் சொன்னது பள்ளிக்கூட மாடிப்படி. எது உண்மை என்று எங்களுக்குள் பேசிக்கொண்டிருக்கிறோம். மூன்றும் உண்மையாக இருக்கலாம் என்பாள் என் மனைவி.

அந்தக் கல்யாணம் முடிந்து கொஞ்ச நாளில் மலைக்கோட்டைக்குக் கீழே சந்துக்குள் இருக்கும் எங்கள் கிடங்கைத் தேடிக்கொண்டு வந்தார். சவுக்குக் கம்புகள், இரும்புக் குழாய்கள், சாமியானாத் துணிகள், நாற்காலிகள் என்று உள்ளே நடக்கவே இடமிருக்காது. அவர் வாசலிலேயே நின்றுகொண்டு கேட்டார்.

"எனக்கு ஒரு துறைமுகம் கட்டித் தர முடியுமாண்ணே?"

திருச்சியில் கடல் கிடையாது என்று சொல்ல வாயெடுத்தேன். அவருக்குத் தெரியாதா என்று பேசாமல் நாற்காலியை எடுத்துத் தெருவில் போட்டேன். தெருவிலேயே உட்கார்ந்து விளக்கினார். கிழக்கே, இங்கிருந்து பஸ்ஸில் போனால் பாதிப் பகல் ஆகிற ஓர் ஊரில் பழைய துறைமுகம் ஒன்று இருக்கிறது. கப்பல்கள் எல்லாம் தள்ளிக் கட்டிய புதுத் துறைமுகத்துக்குப் போய்விட்டன. பழைய இடத்தில் கிடங்குகளும், கிரேன் ஓடிய தண்டவாளமும், சரக்கு இறக்கும் மேடைகளும் சும்மா கிடக்கின்றன. மூட்டை தூக்கியவர்களின் குடும்பங்களும் மீன் விற்கிற பெண்களும் மட்டும் இன்னும் அங்கேயே இருக்கிறார்கள். ஒரு கம்பெனி அந்த இடத்தைக் குத்தகைக்கு எடுத்து, கடைகளும் சாப்பாட்டு இடங்களும் உலாவும் பாதையுமாக மாற்றப்போகிறது. வடிவமைக்கும் வேலை இவருக்கு வந்திருந்தது.

அவர் வரைந்திருந்தது எனக்கு விசித்திரமாக இருந்தது. கிரேன் ஓடிய தண்டவாளத்தின் மேல் கூரை ஓடும். காலையில் மீன் ஏலம் நடக்கிற பக்கம் நிழல், மாலையில் அதே கூரை நகர்ந்து சாப்பாட்டுக் கடைகளுக்குப் போய்விடும். மீன் சந்தை தண்ணீரின் மேல் மிதக்கும், கடல் ஏறினால் ஏறும், இறங்கினால் இறங்கும். கடைகளுக்கு மேல் மூட்டைக்காரர்களின் வீடுகள், யாரையும் காலிசெய்யச் சொல்ல வேண்டியதில்லை. இதையெல்லாம் கம்ப்யூட்டரில் பார்த்தே கம்பெனி சம்மதித்துவிட்டதாம். இவருக்குத்தான் சம்மதமில்லை. முழு அளவில் ஒருமுறை எழுப்பி, அங்கே வாழப்போகிறவர்கள் அதற்குள் நடந்து பார்த்தால்தான் நம்புவேன் என்று நின்றிருக்கிறார்.

"படத்துல எல்லாரும் ஒல்லியா இருக்காங்கண்ணே. யார் தலையிலயும் கூடை இல்ல, இடுப்புல புள்ள இல்ல. தனித்தனியா தள்ளித்தள்ளி நடக்குறாங்க. எந்த ஊர்ல ஜனங்க அப்படி நடக்குது?"

துறைமுகத்திலேயே எழுப்பலாமே என்றேன். அங்கே இன்னும் வேலியும் காவலும் அனுமதிச் சீட்டும் இருக்கின்றன. கோடையில் கொள்ளிடத்து மணல் எவ்வளவு அகலம் என்று யோசித்துப் பாருங்கள் என்றார். யோசித்துப் பார்த்தேன். ஸ்ரீரங்கத்துக்கு வடக்கே, ஒரு ஓரத்தில் மட்டும் மெல்லிய நீரோட்டம் விட்டுவிட்டு, மற்றதெல்லாம் வெயிலில் வெள்ளையாகக் கிடக்கும். அனுமதி வாங்க அலைந்தது தனிக் கதை. அவர்தான் அலைந்தார்.

மணலில் கம்பு நிற்காது. மணல் மூட்டைகளைப் புதைத்து அதில் கயிறு கட்டி இழுக்க வேண்டியிருந்தது. சவுக்கும் குழாயும் எலும்பு, துணி சுவர், துணியே கூரை. தகரம் ஒன்றுகூட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நீரோட்டத்தில் காலி டிரம்களைக் கட்டி மேலே பலகை போட்டு மீன் சந்தையை மிதக்கவிட்டோம். ஒரு சுவரைக் கட்டி முடித்தால் அதன் பக்கமாக ஒரு கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்து பார்ப்பார். பிறகு எதிர்ப்பக்கத்திலிருந்து என்னையும் ஒரு கூடையோடு வரச் சொல்வார். உரசிக்கொண்டால் சுவர் நகரும். என் ஆட்கள் அதே சுவரை எத்தனை முறை பிடுங்கி நட்டார்கள் என்பதை எண்ணுவதை விட்டுவிட்டார்கள். ஆனாலும் அவரை அவர்களுக்குப் பிடித்திருந்தது. துறைமுக அம்மா என்று பெயர் வைத்தவர்களும் அவர்களே. வெயிலில் அவர்களோடேயே நின்றார், அவர்கள் சாப்பிட்ட பிறகே சாப்பிட்டார். அதில் எனக்குக்கூடக் கொஞ்சம் எரிச்சல் உண்டு. முதலாளியான நான் முன்பே சாப்பிட்டுவிட்டேன் அல்லவா.

அந்தத் துறைமுகம் இப்போது நிஜமாகவே இருக்கிறது. போன வருடம் மனைவியோடு போய்ப் பார்த்தேன். கூரை ஓடுவதைப் பார்க்கவே பள்ளிக்கூடப் பிள்ளைகளை அழைத்து வருகிறார்கள். பெரிய கிடங்கின் இரண்டு நீளச் சுவர்களும் முழுக்கக் கதவுகள், உள்ளேயிருந்து கையை வைத்துத் தள்ளினால் போதும். அங்கே யாருக்கும் அவர் பெயர் தெரியவில்லை. தெரிந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன், ஆனால் அதற்காக யாரிடமும் சண்டை போடத் தோன்றவில்லை. அவர் இப்போது வேறு ஒரு தேசத்தில், வேறு ஒரு பழைய துறைமுகத்தில் வேலையாக இருப்பதாக அவர் அக்கா சொன்னார். அந்தக் கதவுகள் வந்த கதை எனக்குத் தெரியும். அதைச் சொல்கிறேன்.

பெரிய கிடங்குக்கு ஒரே வாசல்தான் வேண்டும் என்றார் கம்பெனியின் மேனேஜர். கெட்ட மனிதர் இல்லை. மூன்று வாசல் வைத்தால் மூன்று இடத்தில் காவல், திருட்டுப் பயம், ஏசி காற்று வெளியே போய்விடும் என்று அவருக்குச் சொல்ல நிறைய இருந்தது. இவருக்குச் சொல்ல ஒன்றுதான் இருந்தது. அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். தோற்றுப்போனார். கையெழுத்தான வரைபடத்தில் ஒரே வாசல். வரைபடத்தில் எப்படியோ அப்படித்தான் மணலிலும் எழுப்ப வேண்டும் என்பது ஒப்பந்தம். அவர் வாக்கு மாறவில்லை. நீளமான துணிச்சுவர்களால் இரண்டு பக்கமும் முழுக்க மூடி, கோடியில் ஒரு வாசல் வைத்தோம். அன்றிரவு அவர் சாப்பிட்டாரா என்று தெரியவில்லை.

துறைமுகத்து ஊர்க்காரர்கள் வருகிற நாள் காலையில் எங்களுக்கு முன்பாகவே மணலில் நின்றிருந்தார். கையில் சிவப்புத் துணிக் கிழிசல்கள் ஒரு கட்டு.

துணிச்சுவர்களைக் கம்பத்தோடு கட்டியிருக்கும் எல்லா முடிச்சுகளையும் அவிழ்த்து, உள்பக்கமாக, ஒரு நுனியை இழுத்தால் மொத்தமும் அவிழ்கிற முடிச்சாகப் போடச் சொன்னார். கைக்கு எட்டுகிற உயரத்தில் அந்த நுனி தொங்க வேண்டும், அதில் சிவப்புத் துணி கட்ட வேண்டும். எனக்குக் கோபம் வந்தது. காற்று அடித்தால் பக்கத் துணியை அறுத்துவிட வேண்டும் என்பது பந்தல்காரன் எவனுக்கும் தெரியும், அதற்கு அரிவாளோடு ஆள் நிற்கிறான், நீங்கள் எனக்குப் பந்தல் சொல்லித் தர வேண்டாம் என்றேன். கூட்டம் உள்ளே இருக்கும்போது அந்த ஆள் அரிவாளோடு எப்படி உள்ளே வருவார் என்று கேட்டார். முடிச்சுகளை மாற்றினோம்.

மதியம் பஸ்கள் வந்தன. மூட்டைத் தொழிலாளிகள், அவர்கள் வீட்டுப் பெண்கள், மீன் விற்கிறவர்கள், குழந்தைகள். மேனேஜரும் வந்தார். சிவப்புத் துணிகளைப் பார்த்து இது என்ன, வரைபடத்தில் இல்லையே என்றார்.

"வரைபடத்துல இருக்கிறது உங்க கட்டடம் சார். இது இவரோட பந்தல். பந்தல்னா அப்படித்தான்" என்று என்னைக் காட்டினார்.

நான் தலையாட்டினேன். எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக அப்படித்தான் என்பதுபோல ஆட்டினேன்.

மீன்காரப் பெண்கள் மிதக்கிற பலகையில் ஏறி நின்று சிரித்த சிரிப்பு எதிர்க்கரை வரைக்கும் கேட்டிருக்கும். வள்ளம் மாதிரி ஆடுகிறது, இதில் தராசு எப்படி நிற்கும் என்று ஒருத்தி கேட்டாள். அதற்கு என்ன செய்யலாம் என்று இவர் அவர்களோடேயே பலகையில் உட்கார்ந்து பேசினார். பிறகு எல்லோரையும் பெரிய கிடங்குக்குள் அழைத்தார்கள். மேனேஜர் பேச வேண்டியிருந்தது. அவர் பேசத் தொடங்குவதற்கு முன் இவர் குறுக்கிட்டு, உள்ளே யாருக்காவது மூச்சு முட்டுகிற மாதிரி இருந்தால் சிவப்பை இழுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொண்டார்.

மேனேஜர் நீளமாகப் பேசினார். நான் வெளியே என் ஆட்களோடு நின்றிருந்தேன். மேற்கே வானம் கறுத்து, பிறகு பழுப்பானது. கோடைமழைக்கு முன்னால் வருகிற காற்று அது. வருகிறது என்று நான் நினைத்தபோதே வந்துவிட்டது. மணல் சுவராக எழும்பிக் கண்ணை மூடியது. கயிறுகள் விறைத்து முனகின. மணல் மூட்டைகள் அசைவதைக் காலடியில் உணர்ந்தேன். பக்கத் துணிகள் கப்பல் பாய்போல் உப்பி, மொத்தப் பந்தலையும் கிழக்கே தள்ளின. உள்ளே இருந்தவர்கள் எல்லோரும் அந்த ஒரு வாசலுக்கு ஓடுகிறார்கள் என்பது சத்தத்திலேயே தெரிந்தது. வாசலில் முதல் நாலு பேர் வெளியே வந்தார்கள். அதற்குப் பிறகு யாரும் வரவில்லை. அடைத்துக்கொண்டது. என் வாழ்க்கையில் அப்படி ஒரு பயத்தை நான் அதற்கு முன்பும் அனுபவித்ததில்லை, பின்பும் இல்லை.

துறைமுக அம்மாவின் குரல் கேட்டது. கத்தலாக இல்லை, கட்டளைபோல இருந்தது.

"சிவப்ப இழுங்க. பக்கத்துல இருக்கிற சிவப்ப இழுங்க."

ஒரு துணி விழுந்தது. அதையடுத்து இன்னொன்று. பிறகு இரண்டு பக்கமும் ஒன்றன்பின் ஒன்றாக, வீட்டில் ஜன்னல்களைத் திறந்துகொண்டே போவதுபோல, சுவரே இல்லாமல் போயிற்று. காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போனது. கம்பங்கள் நிமிர்ந்து நின்றன. கூரைத்துணி இரண்டு இடத்தில் கிழிந்தது, அவ்வளவுதான். ஜனங்கள் நினைத்த பக்கம் எல்லாம் இறங்கி ஓடி, மணலில் குப்புறப் படுத்துக்கொண்டார்கள். அடுத்து மழை கொட்டியது.

காற்று அடங்கியதும் பார்த்தேன். மேனேஜர் ஒரு கையில் யாருடைய குழந்தையையோ, மறு கையில் யாருடைய மீன்கூடையையோ பிடித்துக்கொண்டு தொப்பலாக நின்றிருந்தார். இரண்டையும் யாரிடம் கொடுப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. இவரைப் பார்த்ததும் கூடையைக் கீழே வைத்தார்.

"எத்தன வாசல்னு நீங்களே போட்டுக்குங்க மேடம்" என்றார்.

அவர் வந்தவர்களை எண்ணிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு பஸ்ஸில் வந்தவர்களையும் தங்கள் தங்கள் ஆட்களைக் கூப்பிட்டு நிறுத்தச் சொல்லியிருந்தார். சிராய்ப்புகள், ஒரு மணிக்கட்டு வீக்கம், காணாமல் போன செருப்புகள். எல்லோரும் இருந்தார்கள். மீன்காரப் பெண்களின் பஸ்ஸில் மட்டும் ஒருவர் குறைந்தார். வயதான அம்மா, எல்லோருக்கும் பெரியவர்.

உள்ளே பார்த்ததாக ஒருத்தி சொன்னாள். வாசலுக்குப் பக்கத்தில் நின்றதாக இன்னொருத்தி சொன்னாள். விழுந்த துணிகள் நனைந்து, மேலே மணல் ஏறி, கல்லாகக் கனத்தன. துறைமுக அம்மா முதல் துணியைத் தனியாகவே தூக்க ஆரம்பித்துவிட்டார். நாங்கள் ஓடிப் பிடித்தோம். ஒவ்வொரு துணியைப் புரட்டும்போதும் எனக்குக் கண்ணை மூடிக்கொள்ளத் தோன்றியது. அவர் மூடவில்லை. மேனேஜர் சட்டையைக் கழற்றிவிட்டு எங்களோடு இழுத்தார். மீன்காரப் பெண்களில் இரண்டு பேர் நீரோட்டத்தில் இறங்கி டிரம்களுக்கு அடியில் கையால் துழாவினார்கள். வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. அவர் விரல் நகங்களில் ரத்தம் வருவதை நான் பார்த்துச் சொன்னேன். அவர் காதில் விழவில்லை. "நான்தானே கூட்டிட்டு வந்தேன்" என்று ஒருமுறை சொன்னார். என்னிடம் சொன்னதாகத் தெரியவில்லை.

கடைசித் துணியைப் புரட்டிக்கொண்டிருந்தபோது ஸ்ரீரங்கத்துக் கரைப் பக்கமிருந்து ஒரு உருவம், தலையில் ஒரு பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக்கொண்டு, புடவையைத் தூக்கிச் செருகி, ஈர மணலில் மெதுவாக நடந்து வந்தது. எல்லோரும் நிமிர்ந்தோம்.

"என்ன தாயி, எல்லாரும் எதத் தேடுறீங்க?" என்று கேட்டார் அந்த அம்மா.

மேனேஜர் பேச ஆரம்பித்ததுமே அவர் கிளம்பிவிட்டாராம். இவ்வளவு தூரம் வந்துவிட்டு ரெங்கநாதரைப் பார்க்காமல் எப்படிப் போவது. கரையேறி ஷேர் ஆட்டோ பிடித்திருக்கிறார். மழைக்குக் கோபுரத்தடியில் ஒதுங்கியதில் தாமதமாகிவிட்டது. யாரிடமும் சொல்லவில்லையா என்று அவருடைய ஆட்கள் சத்தம் போட்டார்கள். "அந்த சாரு பேசிட்டிருந்தாரு. நடுவுல எப்படிச் சொல்றது" என்றார். மேனேஜர்தான் முதலில் சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். சிலர் அழுதார்கள். எனக்கு எது வந்தது என்று நினைவில்லை.

துறைமுக அம்மா மட்டும் துணியின் ஓரத்தைப் பிடித்தபடியே நின்றார். வயதான அம்மா அவரைக் கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு மடியிலிருந்து பிரசாதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்து, ஒரு பிடி புளியோதரையை அவர் கையில் வைத்து, அந்தக் கையை மூடினார்.

"காலையிலேருந்து நின்னுக்கிட்டே இருக்க. உக்காரு கண்ணு."

அவர் ஈர மணலில் உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன், மேனேஜரும் உட்கார்ந்தார். பொட்டலம் எல்லோருக்கும் சுற்றி வந்தது, ஆளுக்கு நாலு பருக்கை. மழை தூறிக்கொண்டிருந்தது. புளியோதரையில் மணல் நறநறத்தது. யாரும் துப்பவில்லை.